மஞ்சள் கால் சிலந்தியும் லீனெயும் நானும்

டென்மார்க்கில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டும் என்று கேட்டார்கள். பிராண்டேயில் காற்றாலை இறக்கைகள் செய்தவர்கள், முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை பார்த்தவர்கள், பஸ் ஓட்டியவர்கள் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் வந்த தம்பி கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"அக்கா, நீங்கள் உங்கட பூச்சி வேலையைப் பற்றி எழுதலாம்தானே. ஆக்களுக்கு வாசிச்சுச் சிரிக்கவும் இருக்கும்."

சிரிப்பதற்கு இதில் அதிகம் இல்லை. இருபத்தாறு வருடம் சிலந்தி, தேள், கரப்பான் என்று பராமரித்தேன். அதில் ஒரேயொரு சிலந்தியைப் பற்றியும், ஒருத்தி மேல் நான் வைத்திருந்த எரிச்சலைப் பற்றியும் மட்டும் எழுதப் போகிறேன். சங்கத்துக்கு ஒத்துவந்தால் போடட்டும்.

என் பெயர் சகாயராணி. டெனிஷ்காரருக்கு ராணி. ஊர் இலங்கையில் மன்னார், முருங்கன் பக்கம். இங்கே வந்து மொழிப்பள்ளி, மீன் தொழிற்சாலை, இரண்டு பிள்ளைப்பேறு என்று ஏழு வருடம் ஓடியது. அதன்பிறகு, நாங்கள் இருக்கும் வைலேயிலிருந்து அரை மணித்தியாலம் கார் ஓடிப் போகும் தூரத்தில் ஒரு வெப்பமண்டல விலங்கில்லத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. வெளியே பனி கொட்டும். கண்ணாடிக் கூரைக்குக் கீழே வாழை குலை தள்ளி நிற்கும். என் வேலை கண்ணாடி துடைப்பது. மற்றத் துப்புரவாளர்கள் சிலந்தி, தேள் இருக்கும் பூச்சி அறைப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார்கள். ஒரு நாள் தீனிக்கு வைத்திருந்த கரப்பான் பெட்டி கவிழ்ந்து, நூற்றுக்கணக்கில் அறை முழுக்க ஓடின. நான் முழங்காலில் நின்று கையாலேயே பொறுக்கிப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் போடில் நிற்கிறார்.

போடில்தான் அந்த அறைக்குப் பொறுப்பான தலைமைப் பராமரிப்பாளர். நெட்டையான பெண்மணி. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருப்பார். பூட்டுத் திறப்புக் கொத்தைச் சப்பாத்து நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்.

"திங்கட்கிழமை துடைப்பான் கொண்டு வராதே," என்றார். "இந்த அறையில் எனக்கு ஒரு ஆள் வேண்டும்."

டெனிஷில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் நீ என்றுதான் கூப்பிடுவார்கள். போடிலை நீ என்று கூப்பிட எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

போடில் சத்தம் போட்டு நான் கண்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நமக்குப் பின்னால் நிற்பார். பிழை விட்டால் ஒரே சொல்: "மறுபடியும்." கடிக்கக்கூடிய எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சட்டம். பெட்டியின் மூடியில் கை வைத்தபடி நான் நிற்க, அவர் கேட்பார்.

"சிலந்தி எங்கே?"

"மரப்பட்டைக்குப் பின்னால். இடது பக்கம், மேலே. தலை கீழ்நோக்கி."

"கதவு?"

"பூட்டியாயிற்று. கீழ் இடுக்கில் துவாய் வைத்தாயிற்று."

"சட்டைக் கை?"

"மணிக்கட்டோடு இறுக்கியிருக்கிறேன்."

"இரண்டாவது ஆள்?"

"நீ."

அதற்குப் பிறகுதான் மூடி திறக்கலாம். வலது கையில் முழ நீள இடுக்கி, இடது கையில் ஒளி ஊடுருவும் கோப்பை. நுனி மெத்தென்ற தூரிகையால் பின்னங்காலை மட்டும் தொடவேண்டும். முன்னங்காலைத் தொட்டால் அது நம்மைத் தாக்க வரும். முக்கியமாக, மூச்சை அதன் மேல் விடக்கூடாது. மனித மூச்சுப் பட்டால் இந்தச் சிலந்திகள் பாயும். பாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத வேகம். எனக்கு இப்போதும் அடுப்படியில் கொதிக்கிற சட்டியைத் திறக்கும்போது மூச்சு தானாக நின்றுவிடும். என் மனுசன் சிரிப்பார்.

இப்படிப் பதினான்கு வருடம் போனது. இடையில் பராமரிப்பாளருக்கான குறுகிய படிப்பு ஒன்றையும் முடித்தேன். பூச்சி அறையில் போடிலுக்கு அடுத்தது நான் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நினைப்போடு இருக்கும்போதுதான் லீனெ வந்தாள்.

இருபத்தெட்டு வயது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள். வெளிர்ந்த புருவம், எதற்கும் சிவந்துபோகிற முகம். வந்த முதல் கிழமையே எல்லாருக்கும் கேக் செய்துகொண்டு வந்தாள். என்னிடம் கேள்வியாய்க் கேட்பாள். கேட்பதை எல்லாம் சின்னக் கொப்பியில் எழுதுவாள். கெட்டவள் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காதது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

அவள் வந்து இரண்டு மாதத்தில், ஒக்டோபரில், சுங்கத்திலிருந்து போடிலுக்கு அழைப்பு வந்தது. விமானச் சரக்கில் விளையாட்டுப் பொருள் என்று எழுதிய ஒரு பொதி. உள்ளே பஞ்சு சுற்றிய பதினொரு குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிலந்தி. எட்டு ஏற்கெனவே செத்திருந்தன. மற்ற மூன்றில் இரண்டு சின்ன ஆண்கள், அவையும் நாலைந்து நாளில் செத்துவிட்டன. மிஞ்சியது பெரிய பெண் ஒன்று. சாப்பாட்டுத் தட்டை மறைக்கும் அளவு.

போடில் படம் எடுத்து நிபுணர்களுக்கு அனுப்பினார். பதில் வந்தபோது எனக்கு வாசித்துக் காட்டினார். இலங்கையின் வடக்கு. காய்ந்த காட்டுப் பகுதி. பழைய மரங்களின் பொந்துகளில் மட்டும் வாழ்வது. அந்த மரங்கள் வெட்டப்பட வெட்டப்பட இருக்க இடமில்லாமல் பாழடைந்த கட்டடங்களுக்குள் புகுவது. மனிதர்கள் கண்டால் அடித்துக் கொல்வார்கள். சேகரிப்பவர்கள் கண்டால் குழாயில் அடைத்து அனுப்புவார்கள். இன்னும் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

நான் கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்தேன். மேலுடம்பு முழுக்க சாம்பலும் கறுப்புமாக நுட்பமான கோலம். வயிற்றைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஒரு பட்டி. என்னைக் கண்டு முன்னங்கால்களை உயர்த்தியபோது அவற்றின் அடிப்பக்கம் பளீரென்று எலுமிச்சை மஞ்சள். இந்த மஞ்சளை நான் முன்பு பார்த்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து மடுப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, சுவரிலிருந்து இப்படி ஒன்று இறங்கியது. அம்மா விளக்குமாற்றால் ஒரே அடி. எங்களுக்கு அது புலிமுகச் சிலந்தி, கண்டால் அடிக்க வேண்டியது. அதற்கு மேல் யோசித்ததில்லை.

"இது எங்கட பக்கத்துச் சிலந்தி, போடில்," என்றேன்.

"தெரியும்," என்றார். பிறகு சொன்னார்: "இதை லீனெ பொறுப்பெடுப்பாள்."

நான் கண்ணாடியிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தேன்.

"இதைப் பற்றி ஐரோப்பாவில் இருக்கிற மற்ற விலங்கில்லங்களுக்கு அறிக்கை எழுத வேண்டும், ராணி. ஆங்கிலத்தில். ஆராய்ச்சிக்காரரோடு பேச வேண்டும். அது லீனெயால் முடியும். காலைப் பார்வை வழமைபோல உன்னுடையது."

காலைப் பார்வை என்பது எட்டு மணிக்கு எல்லாப் பெட்டிகளையும் பார்த்து வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நாள்குறிப்பில் எழுதுவது. பதினான்கு வருடம் வேலை செய்தவளுக்கு எஞ்சியது இலக்கம் எழுதுகிற வேலை. போடில் சொன்னதில் நியாயம் இருந்தது. என் ஆங்கிலம் கடைக்குப் போதும், அறிக்கைக்குப் போதாது. நியாயம் இருந்தபடியால்தான் கூடுதலாக எரிந்தது.

மறுநாள் லீனெ கொப்பியோடு வந்தாள்.

"ராணி, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?"

புலிமுகம் என்ற சொல் வாயில் வந்தது. கொடுக்க மனம் வரவில்லை.

"சிலந்தி," என்றேன்.

"சி-லந்-தி," என்று எழுதினாள். அவளுக்கு அது அழகான தனிப்பெயராகத் தோன்றியிருக்கிறது. ஒரு கிழமைக்குள் பெட்டியின் மேல் பலகை மாட்டிவிட்டாள்: இவள் பெயர் சிலந்தி. பெட்டியில் இருந்த சிலந்தியின் பெயர் சிலந்தி. சங்கத்து ஆட்கள் பிள்ளைகளோடு வந்து அதை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் திருத்தவில்லை. அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் அடுத்த அடி விழுந்தது. லீனெயின் பேராசிரியர் ஒருவர் மூலமாக, இலங்கையில் இந்தச் சிலந்திகளைக் கணக்கெடுக்கிற குழுவோடு மூன்று கிழமை காட்டில் வேலை செய்ய அவளுக்கு இடம் கிடைத்தது. மாங்குளம் பக்கமும் மடுப் பக்கமும்.

அம்மா செத்த வருடம் என்னிடம் கடவுச்சீட்டு இல்லை; இருந்திருந்தாலும் பாதை இல்லை. சண்டை முடிந்தபின் ஒரே ஒரு தடவை போனேன். அந்த இரண்டு கிழமையும் சொந்தக்காரர் வீடுகளில் தேத்தண்ணி குடித்தே முடிந்தது. காட்டுப் பக்கம் மிதிவெடிப் பலகைகள். நான் கால் வைக்க முடியாத மண்ணில் இவள் ரப்பர் சப்பாத்தோடு நடக்கப் போகிறாள் என்று நினைக்க வயிறு பற்றி எரிந்தது.

திரும்பி வந்தாள். மூக்கு உரிந்து சிவந்திருந்தது. எனக்கு ஒரு தேயிலைப் பைக்கற் தந்தாள், யானைப் படம் போட்டது. பிறகு கணினியில் படங்களைத் திறந்தாள்.

"பார் ராணி, பாலை மரம்! பார் இந்தப் பொந்தை! எல்லாம் ஈரம். என் சப்பாத்து மூன்று கிழமையும் காயவேயில்லை. மரப்பட்டையைத் தொட்டால் தண்ணீர் வடிகிறது. நாங்கள் இவளை எவ்வளவு காய விட்டிருக்கிறோம் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது."

படத்தில் மரங்கள் கறுத்து நனைந்து நின்றன. வீதி முழுக்கச் செம்மண் தண்ணீர். அவள் போனது நடு மாரியில். அந்த இரண்டு மூன்று மாதம்தான் அங்கே வானம் கொட்டும். தை கழிந்தால் அடுத்த புரட்டாதி, ஐப்பசி வரை குளம் வெடித்துக் கிடக்கும், மாட்டுக்கும் தண்ணீர் தேட வேண்டும். இது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும்.

நான், "வடிவாயிருக்கு," என்று சொல்லிவிட்டுத் தேயிலைப் பைக்கற்றை எடுத்துக்கொண்டு போனேன்.

பெப்ரவரி தொடக்கத்தில் சிலந்தி முட்டையிட்டது. காட்டிலேயே இணை சேர்ந்துதான் பிடிபட்டிருக்கிறது. மரப்பட்டைக்குப் பின்னால் வெள்ளைப் பட்டுத் துணியில் சுற்றினதுபோல முட்டைப்பை, தேசிக்காயளவு, எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டை. தாய் அதைக் கால்களால் அணைத்துக்கொண்டிருந்தது. சிறைப்பட்ட நிலையில் இந்த இனம் முட்டையிட்டது பற்றி அதுவரை எங்கள் வட்டாரத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இந்த முட்டைகள் பொரித்தால் மற்ற இல்லங்களுக்கும் குஞ்சு கொடுக்கலாம், காட்டிலிருந்து யாரும் பிடிக்கத் தேவையில்லை என்று போடில் சொன்னார். 

டென்மார்க்கில் வருடத்தின் ஏழாம் கிழமை, அதாவது பெப்ரவரி நடு வாரம், குளிர்கால விடுமுறை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை போடில் நோர்வேக்குப் பனிச்சறுக்கப் போனார். அன்று பின்னேரமே லீனெ பெட்டிக்குத் தானியங்கித் தெளிப்பான் பூட்டினாள். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மெல்லிய மழை. தாய்க்கும் முட்டைக்கும் காட்டு ஈரம் வேண்டும் என்பது அவள் எண்ணம்.

சனி காலை எட்டு மணிக்கு நான் பார்த்தபோது கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். காற்றுத் துவாரத்திலும் துளிகள். மூடியைத் தொடாமலே பூஞ்சண வாடை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நாள்குறிப்பில் ஈரப்பதம் என்ற நிரலில் இலக்கத்தை எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனேன்.

ஞாயிறும் திங்களும் எழுதினேன். செவ்வாயும் எழுதினேன்.

புதன்கிழமை தாய் முட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு பட்டையின் உச்சிக்கு ஏறியிருந்தது. ஈரத்திலிருந்து விலக இடம் தேடுகிறது. லீனெ அதைப் பார்த்து, "சுறுசுறுப்பாக இருக்கிறாள், நல்ல அறிகுறி, இல்லையா?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ படித்தவள்," என்றேன்.

அவள் முகம் சிவந்தது. கையிலிருந்த கொப்பியை மூடினாள்.

அன்று வீட்டில் மனுசனிடம் சொன்னேன். வின்சன் பிராண்டேயில் தொழிற்சாலை வேலை முடித்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டை சிலந்தியைத் தண்ணிக்குள்ள வைச்சிருக்கிறாள். முட்டை அழுகப் போகுது."

"அப்ப சொல்லுமன் அந்தப் பிள்ளைக்கு."

"எனக்கேன்? அவவெல்லோ எங்கட காட்டையே பாத்திட்டு வந்தவ. அறிக்கை எழுதிறவ அவ."

வின்சன் ஒரு சப்பாத்தைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நீர் அவவில எரியிறீர். அது சரி. அந்தச் சிலந்தி உமக்கு என்ன செய்தது?"

"நான் ஒருத்தரிலயும் எரியேல்லை. சாப்பிடுங்கோ."

வியாழன், வெள்ளி, சனி. எழுதினேன். ஒவ்வொரு காலையும் காரில் போகும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். உள்ளே போனதும் லீனெ வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரரோடு சிரித்துச் சிரித்துக் கதைப்பது கேட்கும். எங்கள் காட்டின் பெயர்களை அவள் பிழையாக உச்சரிப்பது கேட்கும். நாளைக்குப் பார்ப்போம் என்று நாள்குறிப்பை எடுப்பேன். பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இலக்கங்கள் எல்லாம் சரியானவை.

ஒன்பதாம் நாள், ஞாயிறு, பட்டையின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் விரிந்திருந்தது. தாய் முட்டைப்பையை விட்டுவிட்டுத் தரையில் கிடந்தது. கால்கள் உட்பக்கமாக மடியத் தொடங்கியிருந்தன. சிலந்தியின் கால் மடிந்தால் அது போகப் போகிறது என்று அர்த்தம். நான் ஓடிப்போய்த் தெளிப்பானை நிறுத்தி, பெட்டியின் பக்கத்துத் துவாரங்களைத் துடைத்துத் திறந்து, லீனெக்கு அழைத்தேன். இருபது நிமிடத்தில் வந்தாள். பார்த்துவிட்டுத் தரையிலேயே குந்திவிட்டாள்.

"நான் என்ன செய்தேன், ராணி?"

"கனக்க ஈரம்," என்றேன். "அங்கே மழை இரண்டு மூன்று மாதம்தான். நீ போனது அந்த மாதங்களில்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் கண்ணைத் துடைத்தாள்.

திங்கள் காலை போடில் மேல்கோட்டைக் கழற்றாமலே பெட்டிக்கு முன்னால் நின்றார். லீனெ எல்லாவற்றையும் தன் பிழை என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். போடில் கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினார்.

"காலைப் பார்வை நீ. எப்போது கண்டாய்?"

"நேற்று," என்றேன்.

போடில் நாள்குறிப்பை எடுத்தார். ஒன்பது காலைகள், ஒன்பது வரிகள், எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து இறங்கினார். பிறகு மூடி வைத்தார். "மறுபடியும்" என்று சொல்வார், நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"முட்டைகளை ராணி உருட்டுவாள்," என்றார். கோட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

முட்டைப்பையை எடுத்தோம். கதவு பூட்டி, துவாய் வைத்து, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லி. தாய் தடுக்கவில்லை. தடுக்கக்கூடத் தெம்பில்லாமல் ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கியது, மஞ்சள் தெரிய. மூன்றாம் நாள் செத்தது.

பையைச் சிறு கத்தரியால் வெட்டித் திறந்தோம். எண்பத்தெட்டு முட்டைகள். ஐம்பத்தொன்று சாம்பல் நிறமாகிச் சுருங்கியிருந்தன. மிச்சம் முப்பத்தேழு, வெண்ணெய் நிறத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பூஞ்சணம் பரவாமலிருக்கக் கெட்டவற்றைத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன். ஒரு கோப்பையின் வாயில் பழைய நைலோன் காலுறையைத் தொட்டில்போலத் தொய்வாகக் கட்டி, நல்லவற்றை அதில் போட்டோம். தாய் தன் பையை அடிக்கடி புரட்டிக்கொண்டிருக்கும். அப்படிப் புரட்டாவிட்டால் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெடும். ஆகவே நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தொட்டிலை மெதுவாகச் சாய்த்து முட்டைகளை உருள விடவேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுக்க அதைத்தான் செய்தேன். லீனெயும் முறை எடுத்தாள். ஒரு கையில் சாண்ட்விச்சோடு நின்று மற்றக் கையால் உருட்டுவாள். நாங்கள் இருவரும் தேவைக்கு மேல் கதைக்கவில்லை. ஒரு ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போய்ச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என் கவலையீனத்தால் ஒரு சிலந்தி செத்துப்போனது என்றேன். "பூச்சிதானே மகள்," என்றார் சுவாமி. கவலையீனம் இல்லை, பொறாமை என்று சொல்லியிருந்தால் அவர் வேறு கேள்வி கேட்டிருப்பார். சொல்லவில்லை.

முப்பத்தேழில் இருபத்தொன்பது குஞ்சாகின. முதலில் கால் முளைத்த முட்டைகள் மாதிரி, பிறகு கண்ணாடி நிறத்தில், பிறகு ஒரு நாள் நகத்தளவுச் சிலந்திகளாய், முன்னங்காலில் மஞ்சள் இன்னும் ஏறாமல். லீனெ என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் மரக்கட்டை மாதிரி நின்றேன்.

அறிக்கையில் அவள் எல்லாப் பிழையையும் தன் பெயரில் எழுதினாள். முட்டைகளைக் காப்பாற்றியது ராணி என்று என் பெயரைப் போட வந்தாள்.

"வேண்டாம்," என்றேன்.

"ஏன்?"

"எனக்கு விருப்பமில்லை."

பெயர் வந்தால், எப்போது கண்டாய் என்று இன்னும் யாராவது கேட்பார்கள். அந்தப் பயம். ஆனால் இரண்டு கிழமை கழித்துப் பத்திரிகையில் லீனெயின் படம் மட்டும், குஞ்சுச் சிலந்தி இருந்த கோப்பையைப் பிடித்தபடி வந்தபோது, அந்தப் பக்கத்தை நான் கிழித்து மரக்கறித் தோல் சுற்றி எறிந்தேன். நானே வேண்டாம் என்று சொன்ன பெருமைக்கு நானே எரிந்தேன். இதை வாசிப்பவர்களுக்கு விளங்குமோ தெரியாது.

அந்த இருபத்தொன்பதிலிருந்து இப்போது ஐரோப்பாவில் பல இல்லங்களில் பேரப்பிள்ளைகள் இருக்கின்றன. இந்தச் சிலந்தி இனம் முழுவதுமே பிறகு சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. நாங்கள் வளர்த்தவற்றைக் காட்டில் விடமுடியாது. ஆனால் எங்களைப் போன்ற ஒரு இல்லத்துக்காக இன்னொன்றை மரப்பொந்திலிருந்து பிடுங்கத் தேவை இல்லாமல் போனது. அதில் என் கையும் உண்டு. என் கையால் செத்ததும் உண்டு.

ஐந்து வருடத்தில் போடில் ஓய்வுபெற்றார். தலைமைப் பதவி லீனெக்குப் போனது. நான் மனுப் போடவே இல்லை. போட்டிருந்தால் கிடைத்திருக்காது என்றும் தெரியும். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து சமைக்காமல் படுத்துவிட்டேன். அதன்பிறகு ஏழு வருடம் அவளுக்குக் கீழே வேலை செய்தேன். எனக்கு முழங்கால் நோவு என்று தெரிந்து கீழ்த்தட்டுப் பெட்டிகளை ஒரு சொல்லும் சொல்லாமல் தன் பங்குக்கு மாற்றிக்கொண்டவள் அவள்.

போன வருடம் வைகாசியில் என் கடைசி வேலை நாள். சின்னக் கொடிகள், கேக், பாட்டு எல்லாம் இருந்தது. எல்லாரும் போனபின் தீனி தயாரிக்கிற அறையில் நானும் லீனெயும் வெட்டுக்கிளிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டு நின்றோம். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிச் சொல்ல இடமில்லை என்று தோன்றியது. தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன்.

"லீனெ, அந்த ஏழாம் கிழமை. நான் முதல் நாளே கண்டேன். ஒன்பது நாளும் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தேன்."

அவள் கையிலிருந்த பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் வடியவிட்டாள்.

"தெரியும்," என்றாள். "நாள்குறிப்பை நானும் வாசித்தேன்."

"நான் போடிலுக்குப் பொய் சொன்னேன்."

"அதுவும் தெரியும்."

"உன்னில் எனக்குப் பொறாமை. நீ அங்கே போனாய். இங்கே எல்லாம் உனக்கே கிடைத்தது. நீ தோற்கிறதைப் பார்க்க விரும்பினேன்."

முகம் வழமைபோலச் சிவந்தது. வடிந்த பெட்டியை அடுக்கில் வைத்தாள்.

"நான் ஒன்று சொல்லவா? இரண்டாம் நாளே எனக்கும் சந்தேகம் வந்தது. அவ்வளவு நீரைக் கண்டால் யாருக்கும் வரும். உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். புதன்கிழமை கேட்க வந்தேன். 'நீ படித்தவள்' என்றாய். அதற்குப் பிறகு கேட்க மாட்டேன் என்று முடிவெடுத்தேன்."

"ஏன்?"

"கதவைத் திறந்ததும் போடில் உன் முகத்தைத்தான் பார்ப்பார், ராணி. எந்தப் பெட்டியில் என்ன பிழை என்று. நான் ஐந்து வருடம் படித்ததை நீ மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவாய். ஒரு தடவையாவது உன்னைக் கேட்காமல் எனக்குச் சரிவர வேண்டும் என்று இருந்தது. உன்னில் நான் எவ்வளவு எரிந்தேன் என்று உனக்குத் தெரியாது."

எனக்கு வெட்கப்பட வேண்டிய இடம் அது. ஒரு தாய்ச் சிலந்தியும் ஐம்பத்தொரு முட்டையும் எங்கள் இருவர் வாயும் மூடியிருந்ததால் போனது என்று அப்போதுதான் முழுதாய் விளங்கியது. ஆனால் உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது சந்தோஷம். படித்தவள், பதவிக்காரி, ஊரெல்லாம் சுற்றி வந்தவள் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷம் அடங்கின பிறகுதான் அழுகை வந்தது. அவளும் அழுதாள். அழுதுகொண்டே மிச்சப் பெட்டிகளையும் கழுவி அடுக்கினோம்.

போவதற்கு முன் லீனெ கேட்டாள்: "அடுத்த வருடம் ஆவணியில் அந்தக் கணக்கெடுப்புக் குழு திரும்பவும் காட்டுக்குப் போகிறது. இந்தமுறை கோடையில். என்னோடு வருகிறாயா? எனக்கு உன்னைக் கேட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும்."

வீட்டில் சொன்னேன்.

"போமன்," என்றார் வின்சன். "முழங்காலுக்கு மருந்தைக் கொண்டு போம்."

போன கிழமை பயணச்சீட்டுகள் வந்தன. கோப்பன்ஹேகனிலிருந்து டோகா, டோகாவிலிருந்து கொழும்பு. விரித்துப் பார்த்தேன். இரண்டு விமானத்திலும் ஜன்னல் பக்க இருக்கை அவளுக்கு. எனக்கு நடுவில். மேலே இருந்து எங்கள் கரையை முதலில் அவள் பார்ப்பாள், நான் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டும். பழைய இடத்தில் பழையபடி பற்றியது.

இந்தமுறை ஒன்பது நாள் காத்திருக்கவில்லை. கையில் சீட்டோடு நின்றபடியே அவளை அழைத்தேன்.

"லீனெ, கொழும்புக்குப் போகிற விமானத்தில் ஜன்னல் எனக்கு வேண்டும்."